எந்தத் தேதியும் கல்வெட்டு இல்ல, கேளுங்க!

பிளேஸ்மென்ட் சீசன்ல எல்லாரும் பிஸியா இருப்பீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் ஒரு ஆங்கில மரபுத்தொடருக்குத் தப்பா அர்த்தம் சொன்னேன். தப்புன்னு கூட முழுசாச் சொல்ல முடியாது. அர்த்தம் சரி, ஆனா அதைச் சொன்ன விதம் தப்பு. அதுக்கான விலையை என் ரூம்மேட்டோட வீடு கொடுத்தது. அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் இதை எழுதுறேன். பேர் மட்டும் வேணாம்னு சொல்லிட்டான்.

அவன் செந்துறை பக்கத்துப் பையன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். இந்த ஒரே தகுதியில நாலு வருஷமா எங்க ஹாஸ்டல் விங்குக்கு நான்தான் டிக்‌ஷனரி. மெயில், அசைன்மென்ட், லீவ் லெட்டர் எதுவா இருந்தாலும் என்கிட்டதான் வரும். உண்மையைச் சொல்லணும்னா, அதுல எனக்கு ஒரு பெருமையும் இருந்துச்சு.

ஒரு நாள் ராத்திரி மெஸ்ல சாப்பிட்டுட்டு இருந்தோம். "மச்சான், செட் இன் ஸ்டோன்னா என்னடா?"ன்னு கேட்டான். நான் தட்டுல இருந்து தலையைக் கூட நிமிர்த்தல. "மாத்தவே முடியாதுன்னு அர்த்தம்டா"ன்னு சொன்னேன். ஸ்கூல்ல இடியம்ஸ் லிஸ்ட்ல அப்படித்தான் மனப்பாடம் பண்ணியிருந்தேன். இடது பக்கம் தொடர், வலது பக்கம் அர்த்தம். அவனும் சரின்னு போயிட்டான்.

அவனுக்கு வந்திருந்தது ஒரு சென்னைக் கம்பெனியோட இன்டர்வியூ மெயில். தேதி 14-ன்னு போட்டு, அடுத்த வரியில "திஸ் ஈஸ் நாட் செட் இன் ஸ்டோன்"னு எழுதியிருந்தாங்க. "இந்தத் தேதி இன்னும் முடிவானது இல்லை, வேணும்னா மாத்திக்கலாம்"னு அர்த்தம். நடுவுல ஒரு 'நாட்' இருந்துச்சு. அதை அவன் என்கிட்ட சொல்லல. முழு வாக்கியத்தையும் காட்டுடான்னு நானும் கேக்கல.

"நாட்-ஐப் பாத்தியேடா, அப்புறம் எப்படிடா?"ன்னு பின்னாடி கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வச்சுது. "நீ முடியாதுன்னு சொன்னல்ல. அந்த 'நாட்'தான் 'முடியாது'ன்னு நினைச்சேன்."

யோசிச்சுப் பாருங்க. அவன் தர்க்கத்துல ஒரு ஓட்டையும் இல்ல. தமிழ்ல இந்தத் தொடருக்கு நாம சொல்ற அர்த்தமே எதிர்மறையில முடியுது: மாற்ற முடியாதது. மெயில்லயும் ஒரு எதிர்மறை இருக்கு. ரெண்டையும் அவன் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டான். 'மாத்த முடியாதது இல்ல'ன்னு ரெண்டு தடவை திருப்பிப் பாக்கணும்னு அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

அந்த 14-ஆம் தேதிதான் அவங்க அப்பாவுக்குத் திருச்சியில ஹெர்னியா ஆபரேஷன். அவன் சென்னைக்கு பஸ் ஏறிட்டான். ஆஸ்பத்திரியில அம்மா மட்டும்தான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அப்பா இப்போ முந்திரிக் காட்டுக்குப் போற அளவுக்குத் தேறிட்டார். ஆனா அன்னைக்குக் காலையில ஒரு ஃபாரத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னப்போ, என்ன எழுதியிருக்குன்னே தெரியாம அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க. "நீ இருந்திருந்தா படிச்சுப் பாத்திருப்ப"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாங்களாம். அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல.

அந்த வேலை அவனுக்குக் கிடைக்கல. அது வேற விஷயம். ஆனா சென்னையில வரிசையில உக்காந்திருந்தப்போ பக்கத்துல இருந்த பையன், "எங்க காலேஜ்ல ரெண்டு பேர் மெயில் போட்டு அடுத்த வாரத்துக்கு மாத்திக்கிட்டாங்க"ன்னு சாதாரணமாச் சொல்லியிருக்கான். ஊருக்குத் திரும்பி வந்து மெயிலை என்கிட்ட காட்டினான். படிச்சதும் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

சரி, இந்தத் தொடரைக் கொஞ்சம் நிதானமாப் பாப்போம்.

'செட் இன் ஸ்டோன்', 'கார்வ்டு இன் ஸ்டோன்', 'ரிட்டன் இன் ஸ்டோன்' எல்லாம் ஒரே குடும்பம். கல்லில் பதிந்தது, கல்லில் செதுக்கியது. மோசேக்குக் கற்பலகைகளில் கொடுக்கப்பட்ட பத்துக் கட்டளைகளை இதுக்கு உதாரணமாச் சொல்லுவாங்க. ஹம்முராபியின் சட்டங்களும் கருங்கல் தூண்ல வெட்டினதுதான், அது இப்போ பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துல நிக்குது. ஒரு வேடிக்கை என்னன்னா, பைபிள்ல அந்த முதல் ரெண்டு கற்பலகைகளையும் மோசே கோவத்துல உடைச்சிடுவார். அப்புறம் வேற ரெண்டு பலகையை வெட்ட வேண்டி வரும். ஆக, கல்லுல எழுதினதே ஒரு தடவை உடைஞ்சு மறுபடி எழுதப்பட்டதுதான்.

நம்மகிட்டயும் இதே உருவகம் இருக்கு. கல்மேல் எழுத்து, நீர்மேல் எழுத்துன்னு சொல்றோம். மூதுரையில ஔவையார், நல்லவங்களுக்குச் செஞ்ச உதவி கல்மேல் எழுதின மாதிரி நிக்கும், ஈரமில்லாத நெஞ்சுக்காரங்களுக்குச் செஞ்சது நீர்மேல் எழுதின மாதிரி போயிடும்னு சொல்றார். சின்ன வயசுல படிச்சது சிலையில் எழுத்துன்னு பழமொழி இருக்கு. "அவர் சொன்ன வார்த்தை கல்வெட்டு மாதிரி மனசுல நிக்குது"ன்னு இன்னைக்கும் பேசுறோம்.

இங்கதான் வித்தியாசத்தைக் கவனிக்கணும். தமிழ்ல கல்மேல் எழுத்துன்னா பாராட்டு. நன்றி, கல்வி, வாக்கு மாதிரி நிலைக்க வேண்டிய நல்லதுக்குச் சொல்றோம். ஆங்கிலத்துல இந்தத் தொடர் பெரும்பாலும் எதிர்மறையோடதான் நடமாடுது. "நத்திங் ஈஸ் செட் இன் ஸ்டோன்", "த பிளான் இஸின்ட் செட் இன் ஸ்டோன்". அதாவது, எது கல்லுல எழுதப்படலன்னு சொல்லத்தான் அதை அதிகமா எடுக்கிறாங்க. திட்டம் இருக்கு, ஆனா பேசிக்கலாம். கதவைச் சாத்தியிருக்கோம், தாழ்ப்பாள் போடலன்னு சொல்ற மாதிரி. கேக்குறவங்களுக்கு அது ஒரு அழைப்பு: உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க.

இடியம்ஸ் லிஸ்ட் இதைச் சொல்லாது. அதுல தொடர் இருக்கும், அர்த்தம் இருக்கும். யார் யார்கிட்ட எப்போ சொல்லுவாங்க, சொன்னா நாம என்ன செய்யணும்ங்கிறது இருக்காது. அது தெரியாம அர்த்தம் மட்டும் தெரிஞ்சா, சாவி கையில இருந்தும் கதவுக்கு வெளியே நிக்கிற கதைதான். நானே அதுக்கு சாட்சி.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கல்லைப் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல ஒரு மரமே கல்லாக் கிடக்கு. 18 மீட்டருக்கு மேல நீளம், சுமார் 12 கோடி வருஷப் பழசு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல அதை வெளி உலகத்துக்குச் சொன்னார். ஒரு காலத்துல நம்ம பக்கமெல்லாம் கடல். ஆத்துல அடிச்சுட்டு வந்த மரம் சேத்துல புதைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா மரத்தோட இடத்தை சிலிகா பிடிச்சு, மரம் கல்லாச்சு. 'செட் இன் ஸ்டோன்'ங்கிறதை நிஜத்துல பாக்கணும்னா லண்டன் போக வேணாம், சாத்தனூர் போனாப் போதும்.

அதே கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக் கல்லுதான் அரியலூரோட சோறு. அந்தக் கல்லை வெட்டி, அரைச்சு, களிமண்ணோட சேத்து, சுமார் 1450 டிகிரியில சுட்டு, கிளிங்கராக்கி, மறுபடி அரைச்சு சிமென்ட்டா மூட்டை கட்டுறோம். ரோட்டுல நம்ம பஸ்ஸுக்கு முன்னாடி தூசி கிளப்பிட்டுப் போற லாரியெல்லாம் என்னன்னு நினைக்கிறீங்க? கோடிக்கணக்கான வருஷம் அசையாமக் கிடந்த கல்லு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டு இருக்கு.

சிவில்காரங்களுக்கு இன்னொண்ணு ஞாபகப்படுத்துறேன். ஆங்கிலத்துல 'செட் இன் கான்க்ரீட்'னும் சொல்லுவாங்க. லேப்ல விக்காட் ஊசி வச்சு டெஸ்ட் பண்ணோமே, அந்த 'செட்'டேதான். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு ஆரம்ப இறுகல் நேரம் 30 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, முழு இறுகல் நேரம் 600 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இதுதான் நம்ம ஐஎஸ் கோடு. கிளிங்கரை அரைக்கும்போது ஜிப்சம் ஏன் சேக்குறோம்? தண்ணி பட்டதும் படக்குன்னு இறுகிடாம, கலக்கவும் கொட்டவும் சமன் பண்ணவும் ஆளுக்கு நேரம் கிடைக்கணும்னுதான். சிமென்ட்டே நமக்கு அரை மணி நேரம் டைம் கொடுக்குது. நாமதான் ஒரு மெயிலைப் பாத்ததும் அதே நொடியில இறுகிப் போயிடுறோம்.

இன்னும் ஒரு உதாரணம் என் பர்த் சர்டிஃபிகேட்லயே இருக்கு. நான் பிறந்தது 2004-ல, ஜெயங்கொண்டத்துல. சர்டிஃபிகேட்ல பெரம்பலூர் மாவட்டம். ஆதார்ல அரியலூர் மாவட்டம். "வீடு மாறினீங்களா தம்பி?"ன்னு ஒவ்வொரு வெரிஃபிகேஷன்லயும் கேப்பாங்க. வீடு அங்கேயேதான் இருக்கு சார், மாவட்டம்தான் மாறுச்சு. திருச்சியில இருந்து பெரம்பலூர் 1995-ல பிரிஞ்சுது. அதுல இருந்து அரியலூர் 2001-ல பிரிஞ்சுது. 2002-ல திரும்பவும் பெரம்பலூரோட சேந்துது. 2007 நவம்பர்ல மறுபடி தனி மாவட்டம் ஆச்சு. ஒரு மாவட்டமே வந்து, போயி, திரும்பி வந்திருக்கு. இந்த மண்ணுல பிறந்துட்டு ஒரு இன்டர்வியூ தேதி மாறாதுன்னு நாம நம்புறோம்!

ஆனா ஒண்ணு. 'எதுவுமே கல்வெட்டு இல்ல, எல்லாம் மாறும், ஜாலியா இரு'ன்னு முடிக்க நான் இதை எழுதல. இந்தத் தொடருக்கு இன்னொரு முனை இருக்கு, அது நம்மளைக் குத்தும்.

கங்கைகொண்ட சோழபுரம் எல்லாரும் போயிருப்பீங்க. ராஜேந்திர சோழன் கட்டினது, 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. கோயிலைச் சுத்தி மதில் ஏன் இப்படி மொட்டையா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? 1836-ல கொள்ளிடத்துல கீழணை கட்டும்போது அந்த மதில்ல இருந்துதான் கல்லைப் பேத்துட்டுப் போனாங்க. ஊர் ஜனங்க தடுத்துப் பாத்திருக்காங்க, தண்டனைதான் கிடைச்சுது. கல்லுக்குப் பதிலா செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு சொன்னாங்க. அந்த வாக்கு நிறைவேறலன்னு அந்த நூற்றாண்டிலேயே எழுதி வச்சிருக்காங்க.

அணை நம்ம விவசாயத்துக்கு வேணும், அதை நான் மறுக்கல. நான் சொல்ல வர்றது வேற. கல்லுல இருந்ததை ஒருத்தர் எடுத்துட்டாங்க. பதிலுக்குக் கொடுத்ததோ வெறும் வாய் வார்த்தை. அந்த ஜனங்ககிட்ட "எதுவும் கல்லுல எழுதினது இல்லையே"ன்னு சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்?

எது மாறும், எது மாறாதுன்னு முடிவு பண்றது, உளி யார் கையில இருக்குங்கிறதைப் பொறுத்தது. இன்டர்வியூ தேதி 'நாட் செட் இன் ஸ்டோன்'னு கம்பெனி சொன்னா அது நமக்கு வசதி. ஜாயினிங் தேதி 'நாட் செட் இன் ஸ்டோன்'னு சொன்னா? 2022-லயும் 2023-லயும் ஆஃபர் லெட்டர் கையில இருந்தும் மாசக்கணக்கா ஜாயினிங்குக்குக் காத்திருந்தவங்க செய்தி எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. நம்ம சீனியர்ஸ்கிட்ட கேட்டாலும் கதை கதையாச் சொல்லுவாங்க. அங்க இதே தொடருக்கு அர்த்தம்: நாங்க மாத்துவோம், நீங்க காத்திருங்க.

ராஜராஜன் இதைப் புரிஞ்சவன். தஞ்சாவூர் பெரிய கோயில்ல தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, தேவிமார் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொல்லி ஆணையிட்டான். ராஜா வாய் வார்த்தையே சட்டமா இருந்த காலத்துல கூட, கொடுத்தது எழுத்துல நிக்கணும்னு நினைச்சான். நம்மளோட 'கல்மேல் எழுத்து' இந்தப் பக்கத்துல இருந்து வந்தது. கொடுக்கிறவங்களைக் கட்டிப் போடுறதுக்கு.

அதனால என் கருத்து இதுதான். இந்த ஒரு தொடரைக் கேட்டா நாம ரெண்டு வேலை செய்யணும். நமக்குச் சிரமமான விஷயத்துல யாராவது இதைச் சொன்னா, அது அழைப்பு. உடனே கேளுங்க. ரெண்டு வரி மெயில் போதும். மாத்திக் கொடுத்தா நல்லது, முடியாதுன்னா ஒரு நஷ்டமும் இல்ல. நமக்கு வர வேண்டிய விஷயத்துல இதைச் சொன்னா, "அப்போ எப்போ முடிவாகும்?"னு ஒரு கேள்வி கேளுங்க, பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்குங்க. ரெண்டுக்கும் பொது, கேக்குறது.

கேக்குறதுதான் நமக்கு வராத பாடம். தப்பா நினைச்சுப்பாங்களோ, இங்கிலீஷ் தப்பாயிடுமோ, செலக்ட் பண்ணாம விட்டுடுவாங்களோன்னு ஆயிரம் யோசனை. சின்ன வயசுல இருந்தே பெரியவங்க ஒரு தேதி சொன்னா அது தேதி. ஃபீஸ் தேதி, பரீட்சைத் தேதி, எல்லாம் மேல இருந்து வர்றது. அதுல சிலது நிஜமாவே மாறாது, யூனிவர்சிட்டி எக்ஸாம் தேதியை மாத்தச் சொல்லி யாரும் மெயில் போட்டுடாதீங்க. ஆனா எல்லாத்தையும் அதே தராசுல வைக்கிறோம் பாருங்க, அங்கதான் சென்னைப் பையன் முந்திடுறான். அவனுக்கு இங்கிலீஷ் நம்மளை விட அதிகம் தெரியும்ங்கிறதால இல்ல. கேட்டா தப்பில்லன்னு அவனுக்குத் தெரியும்.

டிரெயினிங்ல நமக்கு '100 இடியம்ஸ்'னு ஒரு ஜெராக்ஸ் கொடுக்கிறாங்களே, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. நூறு வேணாம், இருபது போதும். ஆனா ஒவ்வொண்ணையும் ஒரு முழு மெயிலுக்குள்ள வச்சுக் கொடுங்க. கீழ ஒரே கேள்வி: இந்த மெயில் வந்தா நீ என்ன செய்வ? அர்த்தம் எழுதச் சொல்லாதீங்க, பதில் மெயில் எழுதச் சொல்லுங்க. அப்படி ஒரு பயிற்சி எங்களுக்கு இருந்திருந்தா என் ரூம்மேட் அன்னைக்குத் திருச்சியில இருந்திருப்பான்.

கடைசியா, என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களுக்கு. நம்மகிட்ட ஒருத்தர் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா, அவங்க நம்மளை நம்பி ஒரு முடிவு எடுக்கப் போறாங்க. "எங்க வந்துச்சு? முழு வரியும் காட்டு"ன்னு கேக்க ஆகுற நேரம் பத்து செகண்ட். நான் அந்தப் பத்து செகண்டைக் கொடுக்கல. எனக்குத் தெரிஞ்சது வார்த்தைக்கு அர்த்தம், அவனுக்குத் தேவைப்பட்டது அந்த வரிக்கு அர்த்தம். தெரியாதவனை விட, அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு அவசரமாப் பதில் சொல்றவன்தான் அதிகம் கெடுக்கிறான். இதுக்கு நான் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "விடுறா"ன்னு சொன்னான். அவங்க அம்மாகிட்ட இன்னும் கேக்கல. இந்தப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போறப்போ கேக்கணும்.

போன மாசம் அவனுக்கு இன்னொரு இன்டர்வியூ கால் வந்துச்சு. அதே நாள்ல அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்தத் தடவை என்னைக் கேக்காமலே நாலு வரி மெயில் எழுதி அனுப்பிட்டு, அப்புறமா என்கிட்ட காட்டினான். அதுல ஒரு கிராமர் மிஸ்டேக் இருந்துச்சு. மறுநாள் காலையில பதில் வந்துச்சு: புதன்கிழமைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை வாங்க. கிராமரைப் பத்தி அவங்களும் ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல.

பி.கு.: இந்தக் கட்டுரையை நான் திங்கட்கிழமை கொடுத்திருக்கணும். எடிட்டர்கிட்ட ரெண்டு நாள் கேட்டேன். கொடுத்தாங்க.